நாலு வாசனையும் ஒரு சில்லறையும்

அந்த வீட்டில் சில்லறை என்றால் காசு இல்லை, குழந்தை. வயது ஆறு. கேள்வி, பாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாம் கலந்து எந்நேரமும் கல்லாப்பெட்டியைக் குலுக்கியதுபோல ஓசை வந்துகொண்டே இருந்ததால் சித்தப்பா வைத்த பட்டம் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கொஞ்ச நாளாக அந்தக் குலுக்கல் இல்லை. வகுப்பில் மேஜைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் தலை வலிக்கிறது என்கிறாள். மாடிப்படி ஏறினால், நெஞ்சுக்குள் யாரோ தூரத்தில் நின்று விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். போன வாரம் டாக்டரம்மா மருந்து எழுதித் தந்தார். பிறகு, கதவுவரை போய்விட்ட அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்.

“அடுத்த தடவை குழந்தையை மட்டும் கூட்டிட்டு வராதீங்க. வீட்டையே கூட்டிட்டு வாங்க.”

இன்று வீடு வந்திருந்தது.

நீளப் பெஞ்சில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சோபா பட்டறை. அவருடைய தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, டிரை வாஷ் கடை. இருவருக்கும் நடுவில் பிறந்த அத்தைக்குப் பியூட்டி பார்லரில் வேலை. ஊரில் பாதி நகங்கள் அவள் கைபட்டுத்தான் பளபளக்கின்றன. அம்மா மட்டும் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்பவள், அடுத்தவர் பார்வையைச் சரிசெய்து பழகியவள். குற்றவாளி இந்த மூவரில் யார் என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்ற நிச்சயத்தோடு, தோளில் சில்லறையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கேட்டிருந்தபடி அவர் மேஜைமேல் அவரவர் வேலைச் சரக்கு. பசை டின், தின்னர் பாட்டில், துணிக்கு ஊற்றும் திரவம், நகப்பூச்சு, அதை அழிக்கிற ரிமூவர். நடைபாதையில் கடை விரித்ததுபோல இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து, கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு லேபிளைப் படித்தார். ‘பவர் மாத்தணும் இவங்களுக்கு’ என்று அம்மாவுக்குத் தொழில் புத்தியில் ஓடியது.

“தனித்தனியா பார்த்தா ஒண்ணும் பெரிசா இல்லை,” என்றார் டாக்டரம்மா.

பெஞ்சு ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணி!” என்றாள் அத்தை. “என்னோடது சுண்டுவிரல் உயரப் பாட்டில்.”

“என்னோடது மெஷினுக்குள்ளேயே ஓடுற சரக்கு,” என்றார் சித்தப்பா. “வாசனை வெளிய எட்டிக்கூடப் பார்க்காது டாக்டரம்மா.”

“சட்டையில வருது சித்தப்பா,” என்றது தோளிலிருந்து ஒரு தூக்கக் குரல்.

“நீ யாரு கட்சிடி?”

டாக்டரம்மா பாட்டிலைக் கீழே வைத்தார். “முழுசா கேளுங்க. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எல்லை வச்சிருக்காங்க. இவ்வளவுக்குள்ள இருந்தா பயமில்லைன்னு. ஆனா இந்த டின்னுக்கு அந்த டின்னைத் தெரியாது. எல்லாத்தையும் ஒரே குழந்தை ஒரே சாயங்காலத்துல சுவாசிச்சா என்ன எல்லைன்னு எந்த டின்லயும் எழுதலை.”

“கூட்டிப் பார்த்தா?” என்றார் அப்பா. அதுவரை வாய் திறக்காதவர்.

“கூட்டலோட நின்னா பரவாயில்லை. சிலது சேர்ந்தா பெருக்கலாவும் போகும். இதையெல்லாம் உடம்பை விட்டு வெளியேத்துற பெரிய வேலை ஈரலோடது. இந்த வயசுல அது சின்னக் கடை. கல்லாவில ஒரே ஆளு. ஒரு வாடிக்கையாளர் வந்தா சிரிச்சு அனுப்பி வச்சிடும். நாலு பேர் ஒண்ணா வந்து நின்னா?”

“ஒருத்தன் தள்ளுபடி கேப்பான், ஒருத்தன் பாக்கி கேப்பான்...” சித்தப்பாவின் குரல் தானாகவே இறங்கியது. “மத்தவன் எல்லாம் கடைக்குள்ளேயே நிப்பான்.”

“அதேதான். வெளிய போக வேண்டியது உள்ளேயே நிக்குது. இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்குச் சந்தேகம் பலமா இருக்கு.”

பிறகு பேரம் ஆரம்பித்தது.

“சரி, யாரு பங்கு எவ்வளவுன்னு சொல்லிடுங்க,” என்றார் சித்தப்பா. “அண்ணனுக்குப் பாதி போடுங்க. டின் டின்னா ஊத்துறாரு. மீதியில அக்காவும் நானும் பார்த்துக்கறோம்.”

“உன்னோட சமமா எனக்கா? ஒரு நகத்துக்கு ஒரு சொட்டுதாண்டா நான் வைக்கிறேன்!”

“ஒரு ஆளுக்குப் பத்து நகம் இருக்கு அக்கா. கால் நகத்தை நான் இன்னும் கணக்குல சேர்க்கவே இல்லை.”

லாபம் என்றால் மேலே இழுத்தும், பழி என்றால் கீழே அமுக்கியும் பேசுவது அந்தக் குடும்பத்துக்குப் பால் குடிக்கும்போதே வந்த வித்தை. அப்பா மட்டும் பேரத்துக்கு வரவில்லை. எனக்கே முழுசும் எழுதுங்கள் என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பங்கே கிடையாது,” என்று டாக்டரம்மா முடித்துவைத்தார். “ஒருத்தரும் தனியா கெடுக்கலை. ஆளுக்குக் கொஞ்சம் கொசுறு போட்டிருக்கீங்க. அவ்வளவுதான்.”

“கொசுறே மூட்டையாயிடுச்சு,” என்று முணுமுணுத்தார் சித்தப்பா.

அம்மாவுக்குச் சப்பென்று ஆனது. குற்றவாளி இல்லாத வழக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வது?

“வேலை விட்டு வந்ததும் குழந்தைகிட்ட யாரு முதல்ல போவீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மூன்று முகங்களிலும் பெருமை பூத்தது.

அது அந்த வீட்டின் சட்டம். வெறுங்கையோடு உள்ளே வரக் கூடாது. கடை நன்றாக ஓடிய காலத்தில் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள். மந்தமான ஒரு சாயங்காலம், ஒன்றும் இல்லாமல் வந்த அப்பா, படியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, “கை நிறைஞ்சு போச்சு” என்று சொல்லி ஏறி வந்தார். அன்றோடு பொட்டலம் நின்றது. வெயில் சாய்ந்தால் சில்லறை நாலாவது படியில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர் வேலைச் சட்டையோடு அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்குப் போவார். இறக்கிவிட்டதும் அவள் அடுத்தவருக்காகத் திரும்ப நாலாவது படிக்கு ஓடிவருவாள்.

“ஆனா கையைச் சுத்தம் பண்ணாம நான் தொடவே மாட்டேன் டாக்டர்,” என்றார் அப்பா அவசரமாக. “பசை துளிகூட இருக்கக் கூடாதுன்னு நல்லா தின்னர் போட்டுத் துடைச்சிட்டுத்தான்...”

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

டாக்டரம்மா அவரை அதிகம் பார்க்காமல் அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“நானா? நான் எதையும் கொண்டு வர்றதில்லை டாக்டரம்மா. கண்ணாடிக் கடைதானே. இவங்க வாசனையெல்லாம் போகட்டும்னு சாயங்காலம் ரூமுக்கு ஸ்பிரே அடிப்பேன். மல்லிகை வாசனை. அப்புறம் கொசுவுக்கு அந்த லிக்விட் மெஷின். ஜன்னலை மூடிட்டாத்தானே...”

அவளுக்கும் பாதியில் நின்றது. மேஜைமேல் பரப்பியிருந்த சரக்கில் தன்னுடையதை மட்டும் அவள் கொண்டுவந்து வைக்கவில்லை.

“எங்க எல்லாருக்கும் மூக்கு இருக்கே, எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே?” என்றாள் அத்தை.

“உங்க மூக்கு அஞ்சடி உயரத்துல இருக்கு. இந்த மாதிரி ஆவியில பலது காத்தைவிடக் கனம், தரைப்பக்கமா தேங்கும். உங்களைவிட வேகமா இவ மூச்சு விடுறா. இவ உயரத்துல இருக்கற காத்து உங்க யாருக்கும் பழக்கமே இல்லை.” டாக்டரம்மா எழுந்து வந்து சில்லறையின் கன்னத்தைத் தொட்டார். “என்ன கண்ணு, உங்க வீடு எப்படி வாசனையா இருக்கும்?”

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். யோசித்துச் சொல்வதுபோல இல்லை. உள்ளே ஓடும் படத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

“அப்பா மஞ்சள். சித்தப்பா நீலம், ஜில்லுனு இருக்கும். அத்தை ரோஸ். அம்மா வெள்ளை.” ஒரு நீள மூச்சு. மெல்லிய விசில். “அப்புறம் பச்சை.”

“பச்சை யாரு?”

அவள் தூங்கிவிட்டாள்.

“கனவுல வந்த கலரா இருக்கும்,” என்றார் சித்தப்பா. “பச்சைப் பொய்.”

“எழுந்ததும் கேளுங்க,” என்றார் டாக்டரம்மா. பிறகு வீட்டுக்கான சட்டத்தைத் திருத்தி எழுதினார். வேலைத் துணி மாடி ஏறக் கூடாது. கீழேயே கழற்றி, குளித்து, அதற்கப்புறம்தான் குழந்தை. ஸ்பிரேயும் மெஷினும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். “ஒரு மாசத்துல இந்த விசில் இறங்கணும். இறங்கலைன்னா ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பார்க்கணும். அதனால, அப்படியே வந்து தொடாதீங்க.”

கடைசி வார்த்தையின்போது சில்லறையின் இமை லேசாக அசைந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பச்சையைப் பற்றிக் கேட்கவும் மறந்துபோனார்கள். வாசலுக்கு வருவதற்குள், யார் முதலில் குளிப்பது என்று பேரம் தொடங்கியிருந்தது.

*

மத்தியானம் பட்டறைக்குள் நேரம் நகராது. கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கும். அறுத்த ஃபோமின் துகள்கள் அந்தத் தூணுக்குள் ஏறுவதா இறங்குவதா என்று முடிவு செய்யாமல் மிதந்துகொண்டிருக்கும். பசை டின்னைத் திறந்தால் முதல் மூச்சில் ஒரு இனிப்பு இருக்கும். இத்தனை வருஷத்தில் அப்பா அதை வாசனை என்றே நினைத்ததில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அலைச் சத்தம் கேட்குமா?

‘மஞ்சள்’ என்று நினைத்துக்கொண்டார். டின்னின் மேல் மூடியை அழுத்தினார்.

டாக்டரம்மாவிடம் போய்வந்த அன்று அவர் சோபா தைக்கவில்லை. பழுப்பு ரெக்ஸினை எடுத்து, ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பை தைத்தார். வேலைத் துணியைப் போட்டுவைக்க. உள்ளே இருக்கும் வாசனை வெளியே கசியக் கூடாது என்று ஓரங்களை இரட்டைத் தையல் போட்டார். வெட்டிப் போட்ட துண்டெல்லாம் காலடியில் கிடந்தன. சித்தப்பா வந்து பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இந்தப் பைக்கு எவ்வளவு கூலி?”

“போடா.”

“இலவசம்னா நான் வாங்க மாட்டேன். நம்ம குடும்ப மானம் என்ன ஆகறது?”

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “சாயங்காலம் நான் வர லேட்டாகும்டா.”

“ஏன்?”

அவர் கைகளைக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து தோலோடு தோலாகியிருந்தது. தின்னரில் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் போகிற வேலை. இன்று சோப்பும் எண்ணெயும் வைத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு செதிலாக உரித்தெடுக்க வேண்டும்.

சித்தப்பா ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, அண்ணன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

*

வெயில் சாய்ந்தது. நாலாவது படியில் சில்லறை.

அந்த வீட்டில் மாடிதான் வீடு. கீழே தெருவைப் பார்த்த முன்கடை வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அதன் முதுகோடு ஒட்டி மாடிப்படி. படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. பின்னால் குழாயும் குளியலறையும். முன்கடையின் ஷட்டர் பெரும்பாலும் இறங்கியே இருக்கும். ஏதோ சரக்கு அடுக்கிவைத்திருக்கிறார், சில மாதம் முன்பு வந்த வாடகைக்காரர். தங்கமான மனிதர்; சொன்ன வாடகைக்கு மறுபேச்சு பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டார். பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லையென்றால் நம்மை ஏமாளி ஆக்குகிறவன் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற குடும்பம், அந்த ஒரு தடவை மட்டும் நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டது.

முதலில் சித்தப்பா வந்தார். சில்லறை இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெயிண்ட் காயாத சுவரை உரசாமல் போகிறவர்போலப் பக்கவாட்டில் நடந்து படியைக் கடந்தார். “இரு தங்கம், குளிச்சிட்டு ஓடி வர்றேன். சித்தப்பா இப்போ விஷப் பாம்பு. தொட்டா நீ நீலமாயிடுவே.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் சொன்னதை வாபஸ் வாங்கியிருப்பார். படிக்கு அடியில் இருந்த அறைக்குப் போய், டாக்டரம்மாவிடமிருந்து வந்ததுமே அம்மா ஒதுக்கிவைத்த எல்லோருடைய நேற்றைய வேலைத் துணியையும் தன்னுடையதையும் ரெக்ஸின் பையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார்.

அடுத்து அத்தை. அவளும் கைகளை மறைத்துக்கொண்டாள். “ராஜாத்தி, முத்தம் கடன். வட்டியோட தர்றேன்.” மேலங்கியைப் பைக்குள் திணித்துவிட்டு நேராகக் குளியலறைக் கதவைத் தட்டப் போனாள்.

“டேய், எவ்வளவு நேரமாடா ஒரு மனுஷன் குளிப்பான்?”

“தேச்சா இன்னும் நீலம் வருது அக்கா!”

சிரிப்புச் சத்தம் பின்னாலிருந்து வந்தது. படியில் யாரும் இல்லை. மாடியில் அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். பல மாதம் மூடிக்கிடந்த கொக்கிகள் முனகின.

“அம்மா,” என்று சில்லறை கூப்பிட்டாள். “நான் கெட்டுப் போயிட்டேனா?”

கொக்கிச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேள்வி கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. “இதோ வர்றேன்டா கண்ணு, அங்கேயே இரு.”

சில்லறை கொஞ்ச நேரம் இருந்தாள். பழம் அழுகினால் அம்மா அதைத் தொடாமல் இரண்டு விரலால் எடுத்து வெளியே போடுவாள். பால் கெட்டால் கொட்டிவிடுவாள். மனிதர் கெட்டுப்போனால் படியில் உட்காரவைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள்போல.

படிக்கு அடியில் இருந்த அறையின் கதவு திறந்திருந்தது.

உள்ளே மங்கலாக, சில்லென்று, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. பழுப்புப் பை ஒரு பெரிய மிருகம்போல வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. அதன் வாய்க்குள் முகத்தை வைத்தாள். எல்லோரும் அங்கே இருந்தார்கள்! அப்பாவின் நேற்றைய சட்டை மஞ்சளாக இருந்தது. சித்தப்பாவின் நீலம் அதன்மேல் சாய்ந்திருந்தது. அத்தையின் ரோஸ் இரண்டுக்கும் நடுவில் புகுந்துகொண்டிருந்தது. யாரும் விலகி ஓடவில்லை. அவள் உள்ளே தவழ்ந்துபோய், ஒரு சட்டைக் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

நிறங்கள் மெதுவாக ஒன்றில் ஒன்று கரைந்தன. தலைக்குள் ஒரு படகு கரையை விட்டு நகர்ந்தது. சுவரின் அடியிலிருந்து பச்சை நிறம் தரையோடு தரையாக வந்து, படகின் கீழே தண்ணீராகப் பரவியது. அது எப்போதும் வருகிற பச்சைதான். பள்ளி லீவு விட்டு, யாரும் வீட்டில் இல்லாத பகல்களில், அவள் படியில் தனியாக விளையாடும்போதெல்லாம் கூடவே இருப்பது.

காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தலை துவட்டிக்கொண்டே சித்தப்பா இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தார். நாலாவது படி காலி. கோபித்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள், அக்கா வந்து சமாதானம் பண்ணட்டும் என்று மேலே ஏறினார். காலடிச் சத்தம் கேட்ட அம்மா, சித்தப்பா வந்துவிட்டார், இனி சில்லறை அவர் தோளை விட்டு இறங்கவே மாட்டாள் என்று அடுத்த ஜன்னலுக்குப் போனாள். அத்தை குளித்துவிட்டு வந்தாள். காலிப் படியைப் பார்த்து, அந்தப் பயல் என் முத்தத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று சிரித்துக்கொண்டாள்.

ஆளுக்குக் கொஞ்சம்தான் அசட்டை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை.

*

அப்பா தெருமுனை திரும்பும்போதே கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். சிவந்து, தோல் உரிந்து, ஆனால் சுத்தமாக இருந்தன. சட்டையில்தான் பட்டறை இன்னும் மிச்சம் இருந்தது.

நாலாவது படியில் யாரும் இல்லை.

நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் கால் ஒரு கணம் அங்கேயே நின்றது. வெறுங்கையோடு அந்தப் படியைக் கடக்க அதற்குப் பழக்கமில்லை.

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே அடியறைக் கதவைத் தள்ளினார். இருட்டு. எங்கோ தூரத்தில் விசில்.

தூரத்தில் இல்லை. பைக்குள்.

“சில்லறை!”

முழங்காலில் விழுந்து பையின் வாயைப் பிடித்து இழுத்தார். துணிகளுக்கு நடுவில் அவருடைய நேற்றைய சட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினார். இமைகள் திறக்க முயன்று, கனம் தாங்காமல் மூடிக்கொண்டன. போட்டிருந்த சட்டையைப் பிய்த்து எறிந்தார். வெறும் மார்போடு அவளை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

“டேய்! வண்டியை எடுடா! எல்லாரும் வாங்க!”

மாடியில் நாற்காலி ஒன்று உருண்டது. படியில் மூன்று ஜோடிக் கால்கள் இறங்கின.

“உன்கூட இல்லையா அவ?” என்று அத்தை கத்தினாள்.

“அண்ணிகிட்டன்னு நெனச்சேன்!”

அம்மா வந்து குழந்தையின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பிப் பிடித்தாள். சித்தப்பா வண்டியை எடுக்க ஓடினார். தெருக்கோடி மரங்களிலிருந்து சாயங்காலக் காற்று ஒன்று எழுந்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது.

சில்லறை இருமினாள். இன்னொரு தடவை. பிறகு உள்ளே இழுத்த மூச்சு, விசிலோடுதான், ஆனால் முழுதாகப் போனது. கண் திறந்தது.

“கை நிறைஞ்சுதாப்பா?”

“நிறைஞ்சுதுடா. நிறைஞ்சுது.”

“அங்க ஏன்டா போனே?” என்று அம்மா கேட்டாள். திட்டலாக ஆரம்பித்து, நடுவிலேயே உடைந்த கேள்வி.

“அங்கதான் எல்லாரும் இருந்தீங்க.” அவள் மெதுவாக, தூக்கத்தின் மறுகரையிலிருந்து பேசினாள். “மஞ்சள் இருந்துச்சு. நீலம், ரோஸ். அப்புறம் பச்சைதான் நிறைய வந்துச்சும்மா. சுவத்துக்குள்ளேர்ந்து.”

டாக்டரம்மா கேட்கச் சொன்னதும், தாங்கள் கேட்காமல் விட்டதும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

சுவருக்குள்ளிருந்து. படிக்கு அடியில் இருக்கும் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

அப்பா திரும்பிப் பார்த்தார். முன்கடையின் ஷட்டர் எப்போதும்போல இறங்கியிருந்தது. பூட்டு புதுசு. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு.

குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தார். சட்டையில்லாத உடம்போடு, தெருவே பார்க்க, தன் வீட்டு வாசலில் மண்டியிட்டார். இன்னும் குனிந்தார். படியில் விளையாடுகிற ஒரு குழந்தைக்கு மூக்கு எங்கே இருக்குமோ, அந்த உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். இத்தனை வருஷம் அந்த வாசலில் போய்வந்தவர், அந்த உயரத்தில் மூச்சு விட்டதே இல்லை.

ஒரே ஒரு மூச்சு. கண்ணில் நீர் சுரந்தது.

“என்னங்க?” என்றாள் அம்மா. “என்ன வாசனை?”

பசை இல்லை. தின்னர் இல்லை. அவருக்குத் தெரிந்த எந்த டின்னும் இல்லை. அதற்கு அவரிடம் பெயர் இல்லை. மகள் வைத்த பெயர் ஒன்றுதான் இருந்தது.

“பச்சை,” என்றார்.